மச்சம் (மீன், இறைச்சி) விலக்கச் சொல்லும் காரணங்களை மாணவர் எடைபோடுவது எப்படி

முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து பேருந்தில் வந்து படிக்கும் மாணவி ஒருத்தி, திருக்குறளின் புலான் மறுத்தல் அதிகாரத்தை நான் விளக்கிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில் எழுந்து நின்று, “ரீச்சர், எங்கட அப்பா கடலுக்குப் போறவர். அப்ப அவர் பாவியோ?” என்று கேட்டாள். வகுப்பு அடங்கிப்போயிற்று. “அப்பிடியில்லைப் பிள்ளை, அந்த அதிகாரம் துறவியளுக்குச் சொன்னது” என்று கூறிவிட்டு நான் அடுத்த குறளுக்குப் போய்விட்டேன். அந்தப் பதில் பொய்யன்று. புலான் மறுத்தல் துறவறவியலில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதே அதிகாரத்தின் ஆறாவது குறள் ‘உலகு’ என்றே பேசுகிறது. பிள்ளையை ஆற்றுவதற்காக நான் சொன்ன சொல் அவள் கேட்டதற்கு விடையாகவில்லை. தன் வீட்டுச் சோற்றைப் பற்றி ஒரு பெரிய நூல் ஒரு கருத்தைச் சொல்லும்போது, அது எந்தக் காரணத்தின்மேல் நிற்கிறது, அந்தக் காரணம் எவ்வளவு பாரத்தைத் தாங்கும், எந்த இடத்தில் மறுத்துக் கேட்கலாம் என்று பார்க்கத் தெரிந்திருந்தால், அவள் தன் தந்தைக்காகப் பயந்திருக்கத் தேவையில்லை; வள்ளுவரை ஒதுக்கிவைக்கவும் தேவையில்லை. அந்தப் பயிற்சியை எப்படிக் கொடுக்கலாம் என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

வன்னியில் உணவு பற்றிய பேச்சு எந்த வகுப்பிலும் வெறும் பாடமாக நிற்பதில்லை. ஒரே வாங்கில் இருக்கும் மூவரில் ஒருவருடைய தந்தை நந்திக்கடலில் வலை வீசுபவராக இருப்பார். இன்னொருவர் வீட்டில் பட்டி மாடு நிற்கும். மூன்றாமவர் வீட்டில் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு என்று இருக்கும், வெள்ளிக்கிழமையில் முன்னதை எவரும் தொடமாட்டார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கும் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்கும் விரதம் பிடிக்கும் குடும்பங்கள் அந்நாட்களில் மச்சம் காய்ச்சுவதில்லை. மடுமாதாவிடம் போகும் கத்தோலிக்கக் குடும்பங்கள் தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்கி மீனை உண்கின்றன. முஸ்லிம் மாணவர்களுக்கு எதை உண்பது என்பதோடு அது எப்படி அறுக்கப்பட்டது என்பதும் முக்கியம். வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் பிடிபடும் யப்பான் மீனை (திலாப்பியாவை) வாங்கிக் கறியாக்கும் பல வீடுகளில் மீன் இல்லாத கிழமை என்பது பெரும்பாலும் காசில்லாத கிழமைதான்.

ஆகவே முதலில் சொற்களைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் பேச்சில் ‘சைவம்’ என்ற ஒரு சொல் இரண்டு வேலை செய்கிறது. “நான் சைவம்” என்று ஒரு பிள்ளை சொன்னால் அது சிவனை வழிபடும் சமயத்தைக் குறிக்கலாம். மரக்கறி உணவைக் குறிக்கலாம். ஒரு கட்டுரையில் முதல் வரியில் சமயத்தைக் குறித்து வந்த சொல், நான்காவது வரியில் சத்தமில்லாமல் உணவைக் குறிக்கத் தொடங்கிவிடும். “நாங்கள் சைவர்கள், சைவர்கள் சைவம் உண்பவர்கள், ஆகவே மச்சம் உண்பவர் உண்மையான சைவர் அல்லர்” என்று எழுதும் பிள்ளைக்குத் தான் எதையோ நிரூபித்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் இரண்டாவது வரியில்தான் நிரூபிக்க வேண்டிய முழுக் கருத்தும் ஒளிந்திருக்கிறது. மச்சம் என்ற சொல்லும் அப்படித்தான். வடமொழியில் அது மீனைக் குறிக்கும்; எங்கள் ஊரில் மீன், இறைச்சி, கருவாடு எல்லாவற்றுக்கும் அதுவே பெயர். முட்டை மச்சமா, பால் ஏன் மச்சமில்லை என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பாடவேளை போய்விடும். அந்தப் பாடவேளை வீணன்று. உயிரைக் கொல்லாமை காரணமா, உயிரிலிருந்து வந்த பொருளை உண்ணாமை காரணமா, சுத்தம் காரணமா என்பதைப் பொறுத்துத்தான் முட்டையும் பாலும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழும். எந்தக் காரணத்துக்காக விலக்குகிறோம் என்பது தெரியாமல் எதை விலக்குவது என்பதைத் தீர்மானிக்க முடியாது என்பதை மாணவர் தாமாகவே கண்டுபிடிப்பார்கள்.

வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் கருவிகள் தமிழுக்குப் புதியவை அல்ல. மணிமேகலையின் இருபத்தொன்பதாவது காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கம் (நிறுவ வேண்டிய கருத்து), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டி, தீய பக்கம் எது, தீய ஏது எது, தீய எடுத்துக்காட்டு எது என்று ஒவ்வொன்றாக விளக்குகிறார். சைவ சித்தாந்தத்தின் சிவஞானபோதமும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற ஒழுங்கில்தான் நடக்கிறது. இன்று மேற்கோள் என்றால் பிறர் வாக்கை எடுத்துக் காட்டுவது என்றுதான் மாணவர் நினைக்கிறார்கள். நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து என்ற பழைய பொருளை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். இலங்கையில் உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் என்றொரு பாடம் இருக்கிறது. கலைப்பிரிவில் அதைத் தெரிவுசெய்யும் சிலரைத் தவிர மற்றப் பிள்ளைகள் ஒரு வாதத்தின் உறுப்புகளைப் பெயர் சொல்லிக் காணாமலே பள்ளிப்படிப்பை முடித்துவிடுகிறார்கள். இதைத் தரம் ஒன்பதிலோ பத்திலோ தமிழ்ப் பாடத்துக்குள்ளேயே தொடங்கிவிடலாம் என்பது என் துணிவு.

நான் தொடங்குவது ஒரு மாணவரின் சொந்த வரியில். கரும்பலகையின் மேலே “மாடும் எங்களைப் போல வலியை உணரும்” என்று எழுதுவேன்; கீழே, ஒரு முழம் இடைவெளி விட்டு, “ஆகவே மாட்டிறைச்சி உண்ணக்கூடாது” என்று எழுதுவேன். இடையில் உள்ள வெற்றிடத்தை நிரப்பச் சொல்வேன். மேல்வரியிலிருந்து கீழ்வரிக்கு ஒரே பாய்ச்சலில் போக முடியாது என்பது அந்த இடைவெளியைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. பத்து நிமிடத்தில் மூன்று படிகள் வந்துவிடும். வலியை உணரும் உயிருக்குத் தேவையின்றி வலி தருவது தவறு என்பது ஒன்று. இறைச்சியை உண்பவர் அந்த வலிக்குக் காரணமாகிறார் என்பது இன்னொன்று. இறைச்சி இல்லாமலும் நலமாக வாழலாம் என்பது மூன்றாவது. முதலாவது அறம் பற்றியது. இரண்டாவது காரண காரியம் பற்றியது. மூன்றாவது உடலையும் வாழ்நிலையையும் பற்றியது. ஒவ்வொன்றையும் சோதிக்கும் முறை வேறு. மருத்துவ அறிக்கையைக் காட்டி முதல் படியை நிறுவ முடியாது. குறளைச் சொல்லி மூன்றாவது படியை நிறுவ முடியாது. வகுப்பில் நடக்கும் சண்டைகளில் பாதி, ஒருவர் ஒரு படியில் நின்று பேச மற்றவர் வேறொரு படியில் நின்று மறுப்பதால் வருகிறது.

இரண்டாவது படிக்குத் திருக்குறளின் 256 ஆவது குறளைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. “தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்.” தின்பதற்காக உலகம் கொல்லாதாயின், விலைக்கு ஊன் விற்பவரும் இருக்கமாட்டார். ‘கொள்ளாது’ என்றும் ஒரு பாடம் உண்டு. அப்படிப் படித்தால் வாங்குபவர் இல்லையேல் விற்பவர் இல்லை என்று இன்னும் நேரடியாகச் சந்தையைப் பற்றிய வாதமாகிவிடுகிறது. இந்தக் குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரை, மாணவர் கையில் கொடுக்க வேண்டிய ஒன்று. பின்னால் நடக்கும் தின்னுதல் முன்னால் நடந்துவிட்ட கொலைக்குக் காரணமாகாது, ஆகையால் தின்பவருக்குப் பாவம் இல்லை என்று வாதிடுபவன் ஒருவனை அவர் எதிரே நிறுத்துகிறார். அவனை நோக்கியே வள்ளுவர் பேசுகிறார் என்றும், அருத்தாபத்தி என்னும் அளவையால் தின்பவரும் காரணமாவதை நிறுவுகிறார் என்றும் சொல்கிறார். பகலில் உண்ணாத ஒருவன் பருத்திருக்கிறான் என்றால் அவன் இரவில் உண்கிறான் என்று கொள்கிறோமே, அது அருத்தாபத்தி. ஊன் விற்பனை நடக்கிறது என்றால், வாங்குபவர் உண்டு என்று கொள்ளாமல் அந்த விற்பனையை விளக்க முடியாது.

எதிரே நிற்கும் அந்த வாதியும் எளிதில் தள்ளக்கூடியவர் அல்லர். தேரவாத பௌத்தத்தில், தனக்காகக் கொல்லப்பட்டதைக் கண்டும் கேட்டும் ஐயுற்றும் இராத இறைச்சியைப் பிக்கு ஏற்றுக்கொள்ளலாம் என்ற விதி உண்டு. சமண நூலான நீலகேசி பௌத்தரோடு நடத்தும் வாதங்களில் இந்த ஊனுண்ணலும் ஒரு பொருள். அந்த விதிக்கும் குறளுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டைத் தம் அயலவரின் சமயத்தை இழித்துரைக்காமல் விளக்கத் தெரிந்த மாணவருக்கு முழுப்புள்ளியும் கொடுக்கலாம். அந்த விதி, பிச்சை ஏற்பவர் எந்தக் கொலையை ஏவினார் என்று கேட்கிறது. குறள், வாங்குபவர் எல்லாரும் சேர்ந்து எதைத் தாங்கி நிற்கிறார்கள் என்று கேட்கிறது. இரண்டும் ஒரே கேள்வி அல்ல.

குறளின் வாதத்தைச் சோதிக்க எங்களிடம் கிழமைதோறும் ஒரு சான்று வருகிறது. மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஹோர்ன் அடித்தபடி ஒழுங்கைக்குள் வருகின்ற மீன்காரர், சைவக் குடும்பங்கள் நிறைந்த எங்கள் பக்கத்துக்கு வெள்ளிக்கிழமையில் வருவதில்லை. வாங்க ஆளில்லை, ஆகவே விற்பவரும் இல்லை. நான் இதைச் சொன்னதும் வகுப்பு தலையாட்டியது. அப்போது அந்தக் கரையோரத்து மாணவி, வெள்ளிக்கிழமையும் தன் தந்தை கடலுக்குப் போகிறவர் என்றும், அன்றைய மீன் ஐஸ் போட்ட லொறியில் கொழும்புக்குப் போய்விடும் என்றும் சொன்னாள். விற்பனை ஓரிடத்தில் நின்றதனால் கொலை நின்றுவிடவில்லை, இடம்தான் மாறியது. குறள் இதனால் பொய்த்துவிடுமா என்று கேட்டேன். அரைமணி நேரம் பேசி அவர்கள் வந்து சேர்ந்த இடம் இது: குறள் ‘உலகு’ என்கிறது, ஓர் ஊர் என்று சொல்லவில்லை, உலகம் முழுவதும் வாங்காவிட்டால் விற்பனை இல்லை என்பது அசையாது நிற்கிறது, ஆனால் நான் ஒருத்தி வாங்காவிட்டால் ஓர் உயிர் பிழைக்கும் என்பது அதிலிருந்து தானாகக் கிடைப்பதில்லை, அதற்கு வேறு சான்று வேண்டும். ஒரு காரணத்தை ஏற்றுக்கொண்டே அதன் எல்லையைக் காட்டுவது என்றால் இதுதான்.

மூன்றாவது படியில் தரவுகள் பேச வேண்டும். பெரும்பாலான தவறுகளும் இங்கேதான் நடக்கின்றன. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம், சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதலாம் தொகுதியிலும், ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சியை ‘அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியவை’ என்ற தொகுதியிலும் சேர்த்தது. இதைப் படித்த மாணவர் ஒருவர் “சொசேஜ் தின்பதும் சிகரெட் குடிப்பதும் ஒன்று” என்று எழுதினார். அந்தத் தொகுதிகள் சான்று எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்கின்றனவே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லவில்லை. நாளொன்றுக்கு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பை ஏறத்தாழ 18 வீதத்தால் கூட்டுகிறது என்பதே அவர்களின் மதிப்பீடு. கணக்குக்காக, 100 பேரில் 5 பேருக்கு அந்த நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், 18 வீதம் கூடினால் அது 5.9 ஆகும், 23 ஆகாது. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போதுதான் வீதத்தின் வீதம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளங்குகிறது. அதோடு, மீனைப் பற்றி அந்த மதிப்பீடு எதுவும் சொல்லவில்லை; வன்னியில் பெரும்பாலான தட்டுகளில் இருப்பது மீன்தான்.

மறுபக்கத்திலும் இதே அளவு கண்டிப்பு வேண்டும். “மச்சம் இல்லாவிட்டால் சத்து இல்லை” என்று அம்மம்மாமார் சொல்வதை அப்படியே எழுதிவிடுகிறார்கள். பயறு, கௌபி, உழுந்து, பருப்பு, கச்சான், சோயாமீற் ஆகியவற்றில் புரதம் தாராளமாக உண்டு. முதல் நான்கில் மூன்றும் கச்சானும் எங்கள் மண்ணிலேயே விளைகின்றன. இரும்புச்சத்து மரக்கறியிலிருந்தும் கிடைக்கும். ஆனால் இறைச்சி, மீனிலுள்ள இரும்பைப்போல அது எளிதில் உடலில் சேராது, தேசிக்காய்ப் புளி சேர்த்தால் கூடுதலாகச் சேரும், சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் குறையும். விற்றமின் பி12 மட்டும் வேறு கதை: தாவர உணவிலிருந்து அதை நம்பகமாகப் பெற முடியாது, முட்டையோ பாலோ சேர்ப்பவருக்கு வழியுண்டு, எல்லாவற்றையும் விலக்குபவர் மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுக்க வேண்டும். ஆகவே ‘நலமாக வாழலாம்’ என்ற படி உண்மைதான். திட்டமிட்டால், காசும் கடையும் கிடைத்தால் என்ற நிபந்தனைகளோடு உண்மை.

அந்த நிபந்தனைகளை மணிமேகலை அறிந்திருந்தது. ஆதிரை பிச்சையிட்ட காதையில் கப்பல் உடைந்து நாகர் மலையில் கரையேறும் சாதுவன், ஊனுண்டு வாழும் நாகர் தலைவனுக்குக் கொல்லாமையைப் போதிக்கிறான். ஆனால் துறவியின் அறத்தை அவன்மேல் சுமத்தவில்லை. உனக்கு இயலும் அறத்தையே சொல்கிறேன் என்று சொல்லி, உடைந்த கப்பலிலிருந்து தப்பிவருபவரைக் கொல்லாதே, முதிர்ந்து தாமாகச் சாகும் விலங்குகளைத் தவிர வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்கிறான். இயலாததைக் கடமை என்று சொல்ல முடியாது என்ற நுட்பம் அதில் இருக்கிறது. எங்கள் மாணவரின் பெற்றோர்கள் போரின் இறுதியில், 2009இன் முதல் மாதங்களில், அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சியில் உயிர் பிடித்தவர்கள். அந்த வரிசையில் நின்றவரிடம் எதை உண்டீர்கள் என்று எந்த அறநூலும் கணக்குக் கேட்காது. அதே வேளை, அன்று இயலாதது இன்று இயலுமா என்பது வேறு கேள்வி என்பதையும் பிள்ளைகள் காண வேண்டும். பழைய பசி இன்றைய தட்டுக்குத் தானாக நியாயமாகிவிடாது. இதை வகுப்பில் சொல்லும்போது குரலைத் தாழ்த்தியே சொல்கிறேன்.

முதல் படியான அறத்தில்தான் மாணவர் கூடுதலாகத் திணறுகிறார்கள், ஏனெனில் இங்கே கேள்வி எல்லைக்கோடு பற்றியது. மீனுக்கு வலிக்குமா? 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ட்ரவுட் மீனின் தலையில் தீங்கை உணரும் நரம்பு முனைகள் உள்ளதைக் காட்டியது. அந்தத் தூண்டல் மீனுக்கு வேதனையாகத் தெரிகிறதா என்பதில் அறிவியலாளரிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. செடிக்கும் உயிர் உண்டே என்ற மறுப்பு எல்லா வகுப்பிலும் வரும். தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்றுதான் வைக்கிறது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, கால்நடை தான் தரும் இறைச்சியைவிடப் பன்மடங்கு தாவரத்தைத் தின்கிறது, ஆகவே செடிக்காக இரங்குபவரும் மரக்கறியையே தெரிவுசெய்ய வேண்டும் என்பது. பண்ணையில் சோளமும் சோயாவும் போட்டு வளர்க்கும் கோழிக்கு அது பொருந்தும். வேலியோரத்துக் கிளுவையையும் காட்டு இலைகுழையையும் மேய்ந்து வளரும் ஆட்டுக்கு அந்த விடை அவ்வளவு பொருந்தாது. மனிதர் உண்ணாததைத்தானே அது உண்கிறது. மாணவர் தாம் பார்த்த ஆட்டை வைத்து இந்த வேறுபாட்டைச் சொல்லும்போது, எங்கோ எழுதப்பட்ட விடையை ஒப்புவிப்பது நின்றுவிடுகிறது.

வயல் செய்யும் வீட்டுப் பிள்ளைகள் இன்னொன்றையும் கொண்டுவருவார்கள். இரணைமடு நீர் பாயும் வயலில் எலிக்கு மருந்து வைக்கிறார்கள், பூச்சிக்கு அடிக்கிறார்கள், உழவு இயந்திரத்தில் தவளையும் பாம்பும் அகப்படுகின்றன. சில இடங்களில் சட்டத்துக்கு மாறாக, தீனிக்குள் மறைத்த பன்றிவெடியும் வைக்கப்படுகிறது, அதில் யானைக்கன்று வாய் சிதைந்து சாவதும் உண்டு. அப்படியானால் சோறு மட்டும் கொலையற்ற உணவா? இது வலுவான கேள்வி. இதை ‘ஆகவே எல்லாம் ஒன்றுதான்’ என்று முடித்தால் வாதம் கெட்டுவிடும். எண்ணிக்கை ஒன்றா, நோக்கம் ஒன்றா, தவிர்க்க வழி இருந்ததா என்று மூன்றையும் கேட்க வேண்டும். முற்றாகத் தவிர்க்க முடியாத தீங்கு, குறைக்கக்கூடிய தீங்கைக் குறைக்காமல் விடுவதற்கு நியாயமாவதில்லை. மனிதருக்கு வேட்டைப்பல் உண்டு, ஆகவே இறைச்சி உண்ணலாம் என்பதையும், மனிதரின் குடல் நீளம், ஆகவே இறைச்சி உண்ணக்கூடாது என்பதையும் நான் விரைவாகக் கடந்துவிடுவேன். பல் எதற்கு உதவும் என்று அறிவதால் அதை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பது தெரிந்துவிடாது.

சுற்றாடல் பற்றிய வாதம் இந்த மூன்று படிகளில் அடங்காத தனி வாதம். மனிதச் செயலால் வெளியேறும் பசுமைஇல்ல வாயுக்களில் கால்நடையின் பங்கு 14.5 வீதம் என்று உலக உணவு விவசாய நிறுவனம் 2013இல் கணித்தது. 2018இல் வெளியான, 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு, ஒரே உணவை விளைவிக்கும் பண்ணைகளுக்கிடையிலேயே பெரும் வேறுபாடு இருப்பதையும், அப்படியிருந்தும் பாதிப்பு மிகக் குறைந்த விலங்குணவும் பொதுவாகத் தாவர உணவைவிடக் கூடுதலாகவே சுமை ஏற்றுவதையும் காட்டியது. இந்த எண்களை எடுத்துவந்து, அரிவு வெட்டு முடிந்த வயலில் தாள் மேயும் எங்கள் பட்டி மாட்டின்மேல் அப்படியே வைக்க முடியாது. ஆனால் ‘எங்கள் மாடு புல்தானே தின்கிறது’ என்று தப்பிக்கவும் முடியாது. நார் மிகுந்த தாளைத் தின்று, குறைவாகப் பால் தரும் மாடு, ஒரு லீற்றர் பாலுக்குக் கணக்கிட்டால் கூடுதலாகவே மீதேன் விடுகிறது. நீர் நிற்கும் நெல்வயலும் மீதேனை விடுகிறது என்பதைக் கேட்டவுடன் எங்கள் பிள்ளைகளின் முகம் மாறும். உலகச் சராசரி தன் ஊரைப் பற்றி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று கேட்கப் பழகுவதே இங்கு கற்றுக்கொள்ள வேண்டியது.

எடுத்துக்காட்டுகளைச் சோதிப்பதும் ஒரு கலை. காளத்தியில் கண்ணப்பர் இறைவனுக்கு இறைச்சி படைத்தாரே என்று ஒரு மாணவர் கேட்பார். அந்தக் கதை அன்பின் ஆழத்தைக் காட்டுவதற்காகச் சொல்லப்பட்டது. கொல்லலாமா என்ற கேள்வியை அது எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆகையால் இரண்டு பக்கத்தாரும் அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. நாகபட்டினத்துப் பரதவரான அதிபத்தர், நாளும் பிடிக்கும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலே விட்டவர். அவர் நாயன்மார்களுள் ஒருவர். மீன் பிடிப்பவர் அடியாராக முடியாது என்ற கூற்றை மறுக்க இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும். மீன் பிடிப்பதில் தவறில்லை என்பதை நிறுவ அது போதாது. அந்த மாணவிக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டியவர் அதிபத்தர்தான்.

எங்கள் சமூகத்தில் இந்தப் பேச்சோடு கலந்துவிடும் ஒரு நஞ்சைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மச்சம் உண்ணாதவர் உயர்ந்தவர் என்ற எண்ணம் சாதியோடு பின்னிக் கிடக்கிறது. கடற்றொழில் செய்பவரையும் இறைச்சி வெட்டுபவரையும் தாழ்த்துவதற்கு அது நெடுங்காலம் பயன்பட்டிருக்கிறது. ஒரு கருத்து இப்படிப் பயன்பட்டது என்பதால் அதன் காரணங்கள் பொய்யாகிவிடா. காரணங்கள் மெய்யானவை என்பதால் அந்தப் பயன்பாடு நியாயமாகிவிடாது. இரண்டையும் பிரித்துப் பிடிக்கத் தெரியாத வகுப்பில் இந்தத் தலைப்பை எடுக்கவே கூடாது என்று நினைக்கிறேன். ஆளைத் தாக்குவது மறுபக்கத்திலிருந்தும் வரும். மரக்கறி உண்பவரின் தோல் செருப்பைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பவர், அவர் சொன்னபடி நடக்கவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறார். அவர் சொன்ன காரணத்தைத் தொடவில்லை.

தனக்கு வைத்துக்கொள்ளும் நெறியும் எல்லாருக்கும் போடும் சட்டமும் வேறு என்பதைக் காட்ட இலங்கையிலேயே பாடம் உண்டு. 2020 செப்டெம்பரில், இறைச்சிக்காக மாடறுப்பதைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியது. உண்பவர்களுக்காக வெளிநாட்டிலிருந்து மாட்டிறைச்சியை இறக்குமதி செய்வதும் அதே யோசனையில் இருந்தது. இதை மாணவரிடம் கொடுத்து, எந்தக் காரணத்தோடு இந்த இரண்டு பகுதிகளும் ஒத்துப்போகும் என்று கேட்பேன். உயிர்க்கொலை தவறு என்பது காரணமானால், வேறு நாட்டு மாட்டை உண்ண வழிசெய்வது முரண். உள்ளூர் உழவுக்கும் பாலுக்கும் மாடு குறைகிறது என்பது காரணமானால், முரண் இல்லை. மாடறுக்கும் தொழிலில் யார் இருக்கிறார்கள், சுமை யார்மேல் விழும் என்ற கேள்வியை முஸ்லிம் மாணவர்கள் எழுப்பும்போது மற்றவர்கள் கேட்டிருக்க வேண்டும். 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில் மிருகபலிக்குத் தடை விதித்ததையும் இதன் பக்கத்தில் வைக்கலாம்: அந்தத் தீர்ப்பின்படி கோயில் முன்றலில் வெட்டக்கூடாத கிடாயைக் கடையில் வெட்டலாம் என்றால், விடுபட்ட படி எது?

இவற்றையெல்லாம் பட்டிமன்றத்தால் கற்பிக்க முடியாதா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பட்டிமன்றத்தை நான் விரும்பிக் கேட்பவள்தான். தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளை விவாதத்துக்குத் தயார்செய்தும் இருக்கிறேன். ஆனால் அங்கே அணி முதலில் கிடைக்கிறது, காரணம் பிறகு தேடப்படுகிறது. எதிரணியின் நல்ல காரணத்தை ஒப்புக்கொள்பவர் தோற்றுப்போகிறார். எடைபோடும் பயிற்சியில் நேர்மாறாகப் புள்ளி கொடுக்க வேண்டும். என் வகுப்பில் ஒவ்வொருவரும் தாம் ஏற்காத கருத்துக்குத் தம்மால் இயன்ற மிக வலுவான காரணத்தை எழுத வேண்டும்; அந்தக் கருத்தை உண்மையில் ஏற்பவர் அதை வாசித்து, “ஓம், நான் நினைக்கிறதும் இதுதான்” என்று சொன்னால்தான் புள்ளி. வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று எவரையும் கேட்பதில்லை. எவரும் தம் உணவை மாற்றிக்கொண்டதாகவோ மாற்றாததாகவோ எழுதத் தேவையில்லை.

இவ்வளவும் செய்த பிறகு ஏதாவது ஒரு பிள்ளை கேட்காமல் விடாது: “ரீச்சர், நீங்கள் சைவமோ?” தொடக்கத்திலேயே விடை சொன்னால் பாதி வகுப்பு என் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், கடைசிப் பாடவேளை வரை சொல்லமாட்டேன். கடைசியில் சொல்வேன். எட்டு வயதில் ஒரு வேள்வியில் கிடாய் வெட்டியதைப் பார்த்த நாளிலிருந்து நான் மச்சம் உண்பதில்லை. அதைக் கரும்பலகையின் மேலே எழுதி, கீழே ‘ஆகவே மச்சம் உண்பதில்லை’ என்று எழுதி, இடைவெளியை விட்டு வெண்கட்டியை அவர்களிடம் கொடுப்பேன். சென்ற ஆண்டு எழுந்துவந்தவள் அந்தக் கடற்கரைப் பிள்ளைதான். “ரீச்சர், நீங்கள் கண்டது கிடாயை. மீனை என்னத்துக்கு விட்டனீங்கள்?” என்று கேட்டு, இடைவெளியில் ‘மீனும் கிடாயும் ஒரே மாதிரி நோகும்’ என்று எழுதி, அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள். அந்தக் கேள்விக்குறியை நான் அழிக்கவில்லை.